“ஒண்ணாம் வகுப்பு டீச்சரை யாரும் ஞாபகம் வைப்பதில்லை!”

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம்.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. வேலையில் சேர்ந்து இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. நடுவில் இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று மாற்றிப் பார்த்தார்கள். ஆனாலும் சுற்றிச் சுற்றி ஒன்றாம் வகுப்புக்கே வந்துவிடுவேன். “அந்த வாண்டுகளை உங்களால்தான் சமாளிக்க முடியும்” என்பார் தலைமையாசிரியர். அது பாராட்டா, தலையில் கட்டுவதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

சமீபத்தில் பள்ளியில் ஆண்டு விழா நடந்தது. முன்னாள் மாணவி ஒருத்தி சிறப்பு விருந்தினராக வந்தாள். இப்போது நல்ல பெயர் எடுத்த மருத்துவர். என்னிடம் ஒன்றாம் வகுப்புப் படித்தவள். அவளுக்கு இடது கைப் பழக்கம். அதை மாற்றியே தீர வேண்டும் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றார்கள். எழுதும்போது அவளுடைய இடது கையில் அடி விழும். நான் அவள் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசி, ஒரு கட்டத்தில் சண்டையே போட்டு, அவளை அவள் கையாலேயே எழுத விட்டேன். தலைமையாசிரியரிடம் புகார் போனது. அதையும் நான்தான் சமாளித்தேன்.

மேடையில் அவள் கணக்கு சாரைப் பெயர் சொல்லி அழைத்து நன்றி சொன்னாள். அறிவியல் டீச்சரைச் சொன்னாள். விளையாட்டு சாரைக்கூடச் சொன்னாள். நான் இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். விழா முடிந்து பார்வையாளர் ஏட்டில் கையெழுத்துப் போட்டாள், இடது கையால். பக்கத்தில் போய், “நான்தாம்மா உனக்கு ஒண்ணாம் வகுப்பு எடுத்தேன்” என்றேன். சிரித்த முகமாக, மரியாதையாக, “அப்படியா மேடம்? ரொம்ப சந்தோஷம்” என்றாள். மேடமாம். என்னிடம் படித்த பிள்ளை வாயிலிருந்து டீச்சர் என்ற வார்த்தைகூட வரவில்லை.

நான் பேருக்கும் புகழுக்கும் இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. ஆனால் மனுஷி இல்லையா? எழுத்தே தெரியாத பிள்ளையை வாங்கி, எழுதவும் படிக்கவும் வைத்து அனுப்புவது நாங்கள். கடைசியில் பேர் வாங்குவது மேல் வகுப்பு ஆசிரியர்கள். அவர்களுக்குத்தான் பத்திரிகையில் படம், அவர்களைத்தான் பழைய மாணவர்கள் தேடிவந்து பார்க்கிறார்கள். வருஷக் கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுத பிள்ளைகள்கூட, அடுத்த வருஷம் வராந்தாவில் என்னைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பிள்ளை நன்றாகப் படித்தால் டியூஷனில் சேர்த்தது நல்லதாகப் போயிற்று என்கிறார்கள் பெற்றோர். படிக்காவிட்டால் மட்டும் டீச்சர் சரியில்லை.

வீட்டிலும் அதே கதை. களைப்பாக இருக்கிறது என்று சொன்னால், “அ, ஆ சொல்லிக் கொடுக்கறதுல அப்படி என்ன களைப்பு?” என்கிறார் என் கணவர். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, தெரியும். ஆனாலும் சுருக்கென்று தைக்கிறது.

இப்போதெல்லாம் வேலையில் பாதி எழுத்து வேலைதான். எந்தப் பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று பதிவேட்டில் நிரப்ப வேண்டும். அதையே மறுபடி கைபேசியில் ஏற்ற வேண்டும். போன வாரம் அப்படி நிரப்பிக்கொண்டிருந்தபோது, ரொம்ப நாளாக எழுத்துக் கூட்டவே வராமல் இருந்த ஒரு பையன், “கதவை மெதுவாக மூடவும்” என்று நான் எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, “டீச்சர், கதவை மெல்ல மூடச் சொல்லுது” என்றான். “சரி சரி, போய் உட்காரு” என்றேன். முன்பெல்லாம் இப்படி ஒன்று நடந்தால் அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவாது. இப்போது ஒன்றும் தோன்றவில்லை. சரி, அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது பதிவேட்டைப் பற்றி. மேல் வகுப்பு ஆசிரியர்களுக்கு இந்த அளவுக்கு இல்லை. கேட்டால், உங்களுக்குத்தான் திருத்த வேண்டிய விடைத்தாள் இல்லையே என்கிறார்கள்.

என் மகள் பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறாள். அடுத்து என்ன படிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தவள் ஒரு நாள், “நீ ஏன்மா டீச்சர் ஆனே?” என்று கேட்டாள். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. என்னோடு வேலை செய்கிற டீச்சர்கள் எல்லாரும், சின்ன வயதிலேயே பொம்மைகளை வரிசையாக வைத்துப் பாடம் நடத்தியதாகச் சொல்வார்கள். எனக்கு அப்படி எதுவும் கிடையாது. பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பான வேலை, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம், விடுமுறை உண்டு என்று அப்பா விண்ணப்பம் வாங்கி வந்தார். கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான். “வேற வழி தெரியாம வந்தேன். நீ இந்தப் பக்கமே வராதே” என்று சொல்லிவிட்டேன். அவள் பேசாமல் எழுந்து போய்விட்டாள்.

மேல் வகுப்புக்கு ஓர் இடம் காலியாகிறது. எனக்கு அதற்கான தகுதி இருக்கிறது. மீதி இருக்கும் வருஷங்களிலாவது நாலு பிள்ளைகள் என்னை ஞாபகம் வைத்திருக்கட்டும் என்று விண்ணப்பிக்கலாமா? அல்லது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்துவிடலாமா? இத்தனை வருஷமும் மணலில் எழுதினேனோ என்று தோன்றுகிறது. நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்.

— பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

ஆலோசகரின் பதில்:

அன்புள்ள டீச்சர்,

மறந்துவிட்டார்கள் என்ற ஒரே வருத்தம் உங்கள் கடிதம் முழுக்க வெவ்வேறு இடங்களில் வருகிறது. மேடையில் ஒன்று, வராந்தாவில் ஒன்று, வீட்டில் ஒன்று. எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதப் போவதில்லை. பதிவேட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் ஒரு பையனைப் பற்றிச் சில வரிகள் எழுதிவிட்டு, “அதை விடுங்கள்” என்று கடந்து போய்விட்டீர்கள். என்னால் அதை விட முடியவில்லை. மற்றதெல்லாம் உங்களுக்கு நடந்த குறைகள். அது ஒன்றுதான் உங்களுக்குள் நடந்திருக்கும் மாற்றம்.

அந்தப் பையன் என்ன செய்தான் என்று கொஞ்சம் பார்ப்போம். எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு இது நன்றாகவே தெரியும். “மெதுவாக” என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது. கண் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆனால் அதற்குத் தனியே ஒலி கிடையாது. பின்னால் வரும் மகரத்தைப் பார்க்கும்வரை வாயைத் திறக்காமல் அதை மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். எத்தனை பிள்ளைகள் அந்த இடத்தில் மாதக்கணக்கில் நின்றுபோகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? அதைத் தாண்டியிருக்கிறான் அவன். இன்னொன்று அதைவிடப் பெரியது. ஒட்டியிருந்த தாளில் இருந்தது “மெதுவாக மூடவும்”. அவன் உங்களிடம் வந்து சொன்னது “மெல்ல மூடச் சொல்லுது”. எழுத்தைக் கூட்டி ஒப்பித்திருந்தால் மெதுவாக என்றே சொல்லியிருப்பான். வாசித்து, பொருள் புரிந்து, தன் வார்த்தையில் மாற்றி, அதைச் சொல்ல வேண்டிய ஆள் யார் என்று முடிவு செய்து ஓடிவந்திருக்கிறான். எந்தப் பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று நீங்கள் நிரப்பிக்கொண்டிருந்தபோது, ஒரு பிள்ளை படி ஏறியது உங்கள் மேசைக்கு முன்னால்.

நீங்கள் போய் உட்காரச் சொன்னீர்கள்.

இதைக் குற்றம்சாட்டும் தொனியில் எழுதவில்லை, டீச்சர். ஆனால் மென்று விழுங்கவும் எனக்கு மனம் வரவில்லை. மேடையில் உங்களுக்கு நடந்தது எதுவோ, உங்கள் மேசையருகே அவனுக்கு நடந்ததும் அதுதான். ஒருவர் தனக்கு மிகப் பெரியதாகத் தோன்றிய ஒன்றை எடுத்துக்கொண்டு ஆசையாகப் பக்கத்தில் வருகிறார். எதிரில் இருப்பவர் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுகிறார். உங்களுக்கு நாற்பதைத் தாண்டிய மனசு, தாங்கிக்கொண்டு எனக்குக் கடிதம் எழுத முடிகிறது. ஆறு வயதுப் பிள்ளை கடிதம் எழுதாது. இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தால் ஓடிவருவதை நிறுத்திக்கொள்ளும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் வருத்தத்துக்கு வருகிறேன். மாணவி மறந்துவிட்டாள், அதனால் வேலையில் மனம் விட்டுப்போயிற்று என்பது போல எழுதியிருக்கிறீர்கள். வரிசை தலைகீழ் என்று நினைக்கிறேன். மனம் விட்டுப்போனது முதலில் நடந்திருக்கிறது, எப்போது என்று உங்களுக்கே தெரியாமல். அதற்குப் பிறகுதான் அந்த “மேடம்” இவ்வளவு ஆழமாகக் குத்தியிருக்கிறது. கால் தரையில் பாவாத அந்த நாட்களில் இதே பெண் இதே வார்த்தையைச் சொல்லியிருந்தால், வீட்டுக்கு வந்து, “அவளுக்கு என்னை அடையாளமே தெரியல, ஆனா இன்னும் இடது கையிலதான் எழுதறா” என்று சந்தோஷமாகச் சொல்லியிருப்பீர்கள். அந்தக் கடைசிப் பாதியைத்தான் இந்தத் தடவை உங்களால் சொல்ல முடியவில்லை.

டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், ஆசிரியர்களை நேரில் சந்தித்துப் பேசி, பெரிய கணக்கெடுப்பும் வைத்து, 1975இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இந்த வேலையில் உங்களுக்கு எது நிறைவு தருகிறது என்று கேட்டால், சம்பளம், பதவி, மரியாதை எல்லாவற்றையும் தாண்டி, மிகப் பெரும்பாலான ஆசிரியர்கள் சொன்னது ஒன்றையே: ஒரு பிள்ளையைத் தொட்டுவிட்டோம், அதற்குப் பாடம் ஏறிவிட்டது என்று தெரிகிற அந்த நேரம். மனதுக்குக் கிடைக்கும் ஊதியம் என்று அவர் அதை வகைப்படுத்தினார். அந்த ஊதியத்துக்கு ஒரு குணம் உண்டு. அது வகுப்பறையில், அந்த நிமிஷத்தில் மட்டும் கிடைக்கும். அப்போது வாங்காமல் விட்டால் வட்டி சேர்ந்து இருபது வருஷம் கழித்து ஆண்டு விழா மேடையில் வராது. நீங்கள் அந்தப் பெண்ணிடம் கேட்டது, அன்றாடம் வகுப்பில் வாங்காமல் விட்ட பாக்கியை. அதை அவளால் தர முடியாது, அவள் எவ்வளவு நன்றியுள்ளவளாக இருந்தாலும்.

அவள் நன்றி கெட்டவள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அவள் உங்களை மறந்தது மனித மூளையின் இயல்பு. ஏழு வயதுக்கு முன் நடந்தவற்றில் பெரியவர்களுக்கு நினைவில் நிற்பது மிகக் கொஞ்சம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில காட்சிகள், பல நேரம் முகம் இல்லாமல். ஆனால் சுமார் 10 வயதிலிருந்து 30 வயதுவரை நடந்தவை மற்ற காலத்தைவிட அதிகமாக நினைவில் தங்குகின்றன. நினைவாற்றல் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம் இது. கணக்கு சார் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது அந்த வயதில். அவர் உங்களைவிட அதிகம் செய்தார் என்பதற்காக அவள் பெயர் சொல்லவில்லை. அவர் பெயர் தங்கும் வயதில் அவர் வந்தார். அவர்மேல் உங்களுக்கு ஒரு சின்னப் பொறாமை இருப்பது கடிதத்தில் தெரிகிறது. இருக்கட்டும், மனித இயல்புதான். ஆனால் அவர் உங்களுடைய எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹென்றி மோலைசன் என்று ஒருவர் இருந்தார். வலிப்பு நோய்க்காக 1953இல் மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பிறகு நடந்த எதையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். தன் கையைக் கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி, ஒரு நட்சத்திரத்தின் கோடுகளுக்கு நடுவே பென்சிலால் வரைய வேண்டும். செய்து பாருங்கள், முதல் தடவை யாருக்கும் கை எதிர்ப்பக்கம்தான் போகும். மூன்று நாள் தொடர்ந்து செய்தார். நாளுக்கு நாள் பிழை குறைந்துகொண்டே வந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் இதற்கு முன் இதைச் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. நடந்ததை நினைவு வைப்பது ஒன்று, பழகியதைக் கை வைத்துக்கொள்வது வேறொன்று, மூளையில் இரண்டுக்கும் வழி வேறு என்று உலகம் அப்போதுதான் தெளிவாகக் கண்டது.

அந்த மருத்துவரிடம் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், இரண்டாவது வழியில் இருக்கிறீர்கள். அடி வாங்கிய கை அது. யாரோ ஒருவர் நடுவில் புகுந்து, இந்தக் கை சரியான கைதான் என்று சொன்னார். யார் என்று அவளுக்குத் தெரியாது. கை தெரிந்து வைத்திருக்கிறது. மருந்துச் சீட்டு எழுதுவதும் அதே கையால்தான் இருக்கும். அவள் பெற்றோரிடம் நீங்கள் சண்டை போட்டது, வளர்ந்தபிறகு இவள் மேடையில் நன்றி சொல்வாள் என்றா? அந்தக் குழந்தை அழுதுகொண்டே எழுதுவதைப் பார்க்கப் பொறுக்காமல். அப்போது இருந்த அந்த டீச்சருக்கு எந்த மேடையும் தேவைப்படவில்லை.

மணலில் எழுதினேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 11,500க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் குலுக்கல் முறையில் வகுப்புகளுக்குப் பிரித்தார்கள். பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவர் குழுவினரும் அந்தக் குழந்தைகள் வளர்ந்தபின் என்ன ஆனார்கள் என்று பார்த்து 2011இல் எழுதினார்கள். நல்ல தொடக்க வகுப்பு வாய்த்த குழந்தைகளுக்கு மதிப்பெண்ணில் இருந்த முன்னிலை, மேல் வகுப்பு போகப் போக மங்கிவிட்டது. ஆனால் 27 வயதில் அவர்கள் சம்பாதிப்பதில் அது மறுபடி தெரிந்தது. பள்ளிக்கூடத் தேர்வு எதிலும் கண்ணில் படாமல் உள்ளேயே இருந்திருக்கிறது. இதை உங்களை ஆறுதல்படுத்த மட்டும் சொல்லவில்லை. உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இது, அதனால் சொல்கிறேன்.

மகள் விஷயத்துக்கு வருவோம். அங்கே நான் உங்கள் பக்கம் இல்லை.

“நீ ஏன்மா டீச்சர் ஆனே?” என்று கேட்டவள் உங்கள் விண்ணப்பத்தின் கதையை மட்டும் கேட்கவில்லை. எந்த வழியில் போகலாம் என்று யோசிக்கிற வயதில் ஒரு பெண், தனக்கு மிகவும் தெரிந்த ஓர் ஆசிரியையிடம், இந்த வேலை எப்படி என்று கேட்கிறாள். நீங்கள் சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதிதான். வந்ததற்கான காரணத்தைச் சொன்னீர்கள், இத்தனை வருஷம் இருந்ததற்கான காரணத்தை மறைத்துவிட்டீர்கள். பொம்மைகளை வைத்துப் பாடம் நடத்தாததில் உங்களுக்கு ஏதோ கூச்சம் இருக்கிறது. தேவையே இல்லை. லார்ட்டி, மக்களை இந்த வேலைக்கு இழுக்கிற விஷயங்களை ஐந்தாகப் பார்த்தார். பிள்ளைகளோடு பழகலாம் என்பது, சேவை என்பது, பள்ளிக்கூடத்தை விட்டுப் பிரிய மனமில்லாதது, நிலையான வருமானம், வீட்டுக்கும் விடுமுறைக்கும் ஒத்துவரும் நேரம். உங்கள் அப்பா சொன்ன காரணங்கள் கடைசி இரண்டில் வருகின்றன. உலகம் முழுக்க நல்ல ஆசிரியர்கள் எத்தனையோ பேர் அந்த வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று வந்தவர், யாரோ ஒருவருடைய பிள்ளையின் இடது கைக்காகத் தலைமையாசிரியர் அறைவரை போய் நின்றிருக்கிறார். அந்த மாற்றம் எப்படி நடந்தது? அதைத்தான் உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் டீச்சராக வருவதும் வராததும் அவள் விருப்பம். ஆனால் அவள் பேசாமல் எழுந்து போனதை நீங்கள் கவனித்து எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உங்கள் மனதுக்கே அது உறுத்தியிருக்கிறது. கூப்பிட்டுப் பேசுங்கள். பையன் கதவைப் படித்ததைச் சொல்லுங்கள், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதையும் சேர்த்து. எதனால் களைத்துப் போயிருக்கிறீர்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். பாதி உண்மையைவிட அது அவளுக்கு உதவும்.

அடுத்தது களைப்பு. இதை உங்கள் குணக் குறையாக நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறருக்காக உழைக்கும் வேலைகளில் இருப்பவர்கள் உள்ளே எரிந்து தீர்ந்துபோவதைப் பற்றி 1970களிலிருந்தே உளவியலில் பேசிவருகிறார்கள். கிறிஸ்டினா மாஸ்லக் என்ற உளவியலாளர் அதை மூன்று அடையாளங்களில் பார்த்தார். மனம் வற்றிப்போவது, யாருக்காக வேலை செய்கிறோமோ அவர்களிடமிருந்தே விலகி நிற்பது, செய்ததெல்லாம் வீண் என்று தோன்றுவது. உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை வேலை சார்ந்த ஒரு நிலை என்றுதான் வகைப்படுத்தியது, நோய் என்று சொல்லவில்லை. அதாவது, சரிசெய்ய வேண்டியதில் பாதியாவது வேலையில் இருக்கிறது. உங்களை மட்டும் திருத்தி இது தீராது. ஓர் ஆரம்ப வகுப்பு ஆசிரியர் ஒரு நாளில் பிள்ளைகளோடு ஆயிரம் தடவைவரை ஏதாவது ஒரு பேச்சுப் பரிமாற்றத்தில் இருக்கிறார் என்று பிலிப் ஜாக்சன் என்ற கல்வியாளர் 1968இலேயே எழுதிவிட்டார். உங்கள் கணவருக்கு இந்த ஒரு வரியைப் படித்துக் காட்டுங்கள், போதும். அதற்கு மேல் அவரோடு வாதம் வேண்டாம்.

தலைமையாசிரியரிடம் நேராகவே கேளுங்கள். “உங்களால்தான் முடியும்” என்பது பாராட்டு என்றால், அதற்கு ஏற்ற உதவியும் வேண்டும். கைபேசியில் ஏற்றும் வேலையை வேறொருவரோடு பங்கிட முடியுமா, அடுத்த வருஷம் ஒரு மாறுதலுக்கு மூன்றாம் வகுப்புத் தர முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. இத்தனை வருஷம் நீங்கள் கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன். சமாளித்துச் சமாளித்துப் பழகியவர்களுக்குக் கேட்க வராது. பதிவேட்டைப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரத்தில் திறக்காமல் இருக்க முடிந்தால் அதுவே பெரிய மாற்றம். எல்லா நாளும் முடியாது, தெரியும். முடிகிற நாட்களில் செய்யுங்கள். தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பு இல்லாமை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மட்டும், என் பதிலோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அந்தப் பையனிடம் போய் வருத்தம் தெரிவிக்கத் தேவையில்லை. அவனுக்கு அது புரியாது. பாடப்புத்தகத்தில் இல்லாத ஏதாவது ஒன்றை, அவன் உயரத்துக்கு, அவன் மட்டும் பார்க்கும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள். கொம்பு, கால் எல்லாம் கலந்து, கொஞ்சம் கஷ்டமாகவே இருக்கட்டும். சொல்லாமல் விட்டுவிடுங்கள். அவன் கண்டுபிடித்து ஓடிவரும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எப்படிக் கண்டுபிடித்தான் என்று அவனையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். உடனே பழைய சந்தோஷம் பொங்கி வரும் என்று நான் உறுதி தர மாட்டேன். முதல் தடவை ஒன்றும் தோன்றாமலும் போகலாம். அப்போதும் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். வற்றிய மனம் ஒரே நாளில் ஊறுவதில்லை. ஆனால் அது ஊறும் இடம் வேறெங்கும் கிடையாது.

விருப்ப ஓய்வை இப்போதைக்குப் பேச வேண்டாம், களைத்துப்போன நேரத்தில் எடுக்கும் முடிவு அது. மேல் வகுப்பு இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். நாலு பேர் ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பிக்காதீர்கள். அங்கே போனாலும் ஒவ்வொரு விழாவிலும் யார் யார் பெயர் வருகிறது என்று எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பீர்கள். இந்தக் கல்வியாண்டு முடியட்டும். பதிவேட்டுச் சுமை கொஞ்சம் குறைந்து, மகளோடு பேசி, உங்களுக்கும் ஒரு விடுமுறை கிடைத்தபிறகு மறுபடி யோசியுங்கள். பெரிய பிள்ளைகளோடு பழகலாம், ஒரே பாடத்தை ஆழமாக நடத்தலாம் என்ற ஆசை அப்போது வந்தால் தாராளமாக விண்ணப்பியுங்கள். நல்ல காரணம் அது. வராவிட்டால், அடுத்த வருஷமும் ஒன்றாம் வகுப்புக்கு ஒரு டீச்சர் தேவைப்படுவார்.